முதுகெலும்பில் புகுந்த காசம்



சில ஆண்டுகளுக்கு முன்னர், ஜொகூரில் என் வகுப்பு மாணவன் ஒருவன் முதுகு வலிக்கிறது என்று அடிக்கடி கூறுவான். புத்தகப்பையின் சுமையே காரணம் என நானும் அவன் பெற்றோரும் எண்ணினோம். வீட்டில் தைலம் தேய்த்தார்கள். இரவிலும் வலி, உடலோ மெலிந்தது. பின்னர் மருத்துவமனையில் படம் எடுத்தபோதுதான் முதுகெலும்பில் காசநோய் என்று தெரிந்தது. நுரையீரல் நோய் முதுகுக்கு வருமா? அவ்வினாவே என்னை இவ்வரலாற்றைத் தேடவைத்தது.

எகிப்திய மம்மிகளிலேயே இந்நோயின் தடயம் உண்டு. 1779-இல் இலண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் இதனை விரித்தெழுதியதால் 'பாட் நோய்' எனப் பெயர் பெற்றது. 1882-இல் இராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். அக்கிருமி இரத்தத்தின் வழியே முள்ளெலும்பை அடைந்து அரிக்கிறது, சீழ் கட்டுகிறது. எலும்பு நொறுங்கினால் கூன் விழும். தண்டுவடம் நெருக்குண்டால் கால்கள் செயலிழக்கும்.

முன்பு நோயாளிகள் மாதக்கணக்கில் படுக்கையிலும் மாவுக்கட்டிலும் கிடந்தனர். 1956-இல் ஹாங்காங்கின் ஹாட்சன், ஸ்டாக் என்னும் மருத்துவர்கள், முன்புறமாகத் திறந்து அழுகிய எலும்பை அகற்றி, புது எலும்பை ஒட்டவைக்கும் பெரிய அறுவையை விளக்கினர். அதே ஆண்டில் சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமாகலாம் என்று 1959-இல் உலகுக்குக் காட்டிய மையம் அது.

முதுகெலும்புக் காசத்தையும் அம்மையம் ஆராய்ந்தது. 304 நோயாளிகள் மூன்று பிரிவாக்கப்பட்டனர். 1999-இல் வெளியான பத்தாண்டு அறிக்கையின்படி, பெரிய அறுவையுடன் ஆறுமாத மருந்து பெற்றோரில் 90 விழுக்காட்டினர் நலமடைந்தனர். அறுவையின்றி ஆறுமாத மருந்து பெற்றோரில் 94, ஒன்பது மாதம் பெற்றோரில் 99 விழுக்காட்டினர். கத்தியினும் மாத்திரை வலியது என்பதைத் தமிழ்நாட்டு நோயாளிகளே மெய்ப்பித்தனர்.

எனினும் அறுவை அடியோடு நீங்கவில்லை. கால் செயலிழப்போர்க்கும், எலும்பு மிகச் சிதைந்தோர்க்கும் அது தேவை. இன்று அதுவும் சுருங்கிவிட்டது. ஸ்கேன் படத்தைப் பார்த்தபடியே ஊசியால் சீழை வடித்து, எந்தக் கிருமி என்றும் சோதிக்கிறார்கள். சிறு துளைகளின் வழியே திருகாணிகள் பொருத்தி எலும்பைத் தாங்கச் செய்கிறார்கள். தசை அதிகம் அறுபடாததால் நோயாளி விரைவில் எழுகிறார்.

என் மாணவனுக்கும் ஊசியாலேயே சீழ் வடித்தார்கள். மருந்தைத் தவறாது உண்டு வகுப்புக்குத் திரும்பினான். ஆனால் முதுகில் சிறு வளைவு எஞ்சியது. அது நாங்கள் தாமதித்த மாதங்களின் அடையாளம்.

மலேசியாவில் 1961 முதல் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் உள்ளது. குழந்தைகளுக்குப் பிசிஜி தடுப்பூசியும் போடப்படுகிறது. ஆயினும் நோய் ஒழிந்துவிடவில்லை. வாரக்கணக்கில் நீங்காத முதுகுவலி, மாலைக் காய்ச்சல், எடைக்குறைவு ஆகியவற்றைக் கண்டால் பையின்மேல் பழிபோடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.