தப்பே விடாத பையன்

எட்டாம் வகுப்பு இங்கிலீஷ் பரீட்சைல எனக்கு ஒரே ஒரு கேள்விதான் எமன். ரெண்டு வாக்கியம் கொடுத்து, "ஹூ அல்லது விச் போட்டு ஒண்ணாக்கு"ம்பாங்க. அதுல மட்டும் மார்க் போயிடும். அதனால கட்டுரை எழுதும்போது அந்தப் பக்கமே போகமாட்டேன். எல்லாம் குட்டிக் குட்டி வாக்கியம். சிவப்பு மையே விழாது. வாத்தியாருக்கு ரொம்ப சந்தோஷம் :-)

இது என் சொந்தத் தில்லுமுல்லுன்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன். 1974-லயே ஜாக்லின் ஷாக்டர்ங்கிற அமெரிக்க மொழியியலாளர் இதைக் கண்டுபிடிச்சு எழுதியிருக்காங்க. ஆங்கிலம் படிக்க வந்த வெளிநாட்டு மாணவர்கள் எழுதின கட்டுரைகள்ல ஹூ, விச், தட் எங்கெல்லாம் வருதுன்னு எண்ணினாங்க. மொழிக்கு 50 கட்டுரை. அரபு மாணவர்கள் 154 இடத்துல போட்டு 31 தப்பு. ஜப்பானியர்கள் 63 இடத்துல போட்டு 5 தப்பு. தப்பை மட்டும் பார்த்தா ஜப்பான்காரங்கதான் கெட்டி. ஆனா விஷயம் வேற. அவங்க முடிஞ்சவரைக்கும் அதைத் தொடவே இல்லை.

ஏன்? அரபியில, ஆங்கிலம் மாதிரியே, பெயர் முதல்ல வரும். விளக்கம் பின்னாடி வரும். ஜப்பானியத்துல விளக்கம் முன்னாடி. நம்ம தமிழும் அந்தக் கட்சிதான். "நேத்து நான் பார்த்த படம்"னு சொல்றோம். 'பார்த்த'ங்கிற பெயரெச்சமே எல்லா வேலையும் செஞ்சிடுது, ஹூவும் வேண்டாம், விச்சும் வேண்டாம். 1856-ல வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்துல கால்டுவெல்லும் இந்த வித்தியாசத்தைக் குறிச்சு வெச்சிருக்கார்.

அவருக்கு ரொம்ப முன்னாடியே, 13-ம் நூற்றாண்டு நன்னூல், பெயரெச்சம் ஆறு வகைப் பெயரை ஏற்கும்னு சொல்லிடுச்சு. அவன் வெட்டிய மரம், வெட்டிய கத்தி, வெட்டிய இடம், வெட்டிய நாள்... நமக்கு 'வெட்டிய' ஒண்ணே போதும். இங்கிலீஷ்காரனுக்கு விச், வித் விச், வேர், வென்னு நாலு வேணும். நம்ம பையன் எங்கே தடுக்கி விழறான்னு இப்பப் புரியுதா?

சரி, அவங்களுக்காவது இது தெளிவா இருந்துச்சான்னா, அதுவும் இல்லை. 1611-ல வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிள்ல கடவுளுக்கே விச்தான்! அப்புறம் 1711 மே மாசம், லண்டன் ஸ்பெக்டேட்டர் பத்திரிகைல ரிச்சர்ட் ஸ்டீல் ஒரு நையாண்டி எழுதினார். "தட் எங்க இடத்தைப் பிடுங்கிக்கிட்டான்"னு ஹூவும் விச்சும் சேர்ந்து மனு கொடுக்கிறாங்க. வேடிக்கை என்னன்னா, அந்த வேலைக்கு மூவர்ல மூத்தவனே தட்தான்!

இதெல்லாம் இப்ப எதுக்குன்னு கேட்கிறீங்களா? போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் இங்கிலீஷ் கட்டுரை கொண்டுவந்து காட்டினான். ஒரு தப்பு இல்லை. ஒரு ஹூ, விச்சும் இல்லை. பாராட்ட வாய் வரலை, என்னையே பார்த்த மாதிரி இருந்துச்சு.

"நேத்து நீ பார்த்த படம், இதைச் சொல்லு"ன்னேன். அப்புறம் படத்தை முன்னாடி தூக்கி வெச்சு, 'பார்த்த'வைப் பின்னாடி தள்ளி, நடுவுல விச் போடச் சொன்னேன். அடுத்து கத்தி, இடம், நாள். பத்து வாக்கியம் எழுதினான், நாலு தப்பு.

ரொம்ப நல்லா எழுதியிருக்கேன்னு சொல்லி அனுப்பினேன். நெசமாத்தான் சொன்னேன்.