ஆப்பும் ரம்பமும்

தலைப்பைப் பாத்துட்டு யாருக்கோ ஆப்பு வைக்கப் போறேன்னு ஓடி வந்தவங்க மன்னிக்கணும். ரம்பம் போடத்தான் போறேன், ஆனா இது நெசமான ரம்பம் :-)

ரெண்டு மாசமா வீட்டுக்குப் பின்னால ஷெட்டுல ஒரு மேசை ரம்பம் நிறுத்தற வேலை. அந்தச் சாக்குல எங்க சேலம் - நாமக்கல் பக்கம் மரம் எப்படி அறுத்தாங்க, கரண்ட் வந்தப்புறம் என்ன ஆச்சுன்னு கொஞ்சம் நோண்டினேன். அதுல பாதி புஸ்தகம், பாதி எங்க பெரிய மாமா சொன்னது. மாமா ராசிபுரம் பக்கம் ஆசாரி வேலை பாத்தவர். வலது கையில ரெண்டு விரல் கிடையாது. அது ஏன்னு பின்னால சொல்றேன்.

கரண்டுக்கு முன்னாடி எல்லாம் ஆள் அறுப்புதான். மரத்தைச் சாய்வா முட்டுக் குடுத்து தூக்கி நிறுத்துவாங்க, இல்லைன்னா குழி வெட்டி அது மேல போடுவாங்க. கரித்தண்ணியில நனைச்ச நூலை இழுத்து அடிச்சு கோடு போடறது. மேல ஒருத்தர், கீழ ஒருத்தர். மேல நிக்கறவர் கோட்டைப் பாத்துக்குவார், கீழ நிக்கறவர் இழுப்பார். மரத்தூள் முழுக்க கீழ நிக்கறவர் தலையிலயும் கண்ணுலயும்தான். எங்க அப்புச்சி கீழ நின்ன ஆள். "மேல நிக்கறவனுக்குப் பேரு, கீழ நிக்கறவனுக்கு இருமல்"னு சொல்வாராம்.

இதுல கவனிக்க வேண்டியது ஆப்பு. வேம்பு, வாகை மாதிரி மரங்களுக்கு உள்ளுக்குள்ளயே ஒரு முறுக்கு இருக்கும். பாதி அறுத்ததும் அறுத்த வாய் மூடிக்கும், ரம்பம் இறுகிப் போகும். அதனால அறுக்க அறுக்க பின்னாலயே ஒரு ஆப்பு அடிச்சுக்கிட்டே போவாங்க. பஞ்சதந்திரத்துல பாதி அறுத்த மரத்துல உக்காந்து ஆப்பைப் புடுங்கின குரங்கு கதை இருக்கே, அது சும்மா நீதிக்காகச் சொன்ன கதை இல்லைங்க, மரம் அறுக்கற எடத்தை நேர்ல பாத்த யாரோ சொன்ன கதை. குரங்கு செத்ததுக்குக் காரணம் மூடிக்கிட்ட வாய்.

வட்ட ரம்பத்துக்கு இங்கிலாந்துல சாமுவேல் மில்லர் 1777ல காப்புரிமை வாங்கினார். பட்டை மாதிரி சுத்தற பேண்ட் சாவுக்கு வில்லியம் நியூபெரி 1808ல. அதெல்லாம் எங்க ஊருக்கு வந்து சேர கரண்ட் வர வேண்டியிருந்தது. பைக்காரா 1932ல ஓட ஆரம்பிச்சது. 1934 ஆகஸ்ட்ல மேட்டூர் அணை திறந்தாங்க. 1937ல அணை அடிவாரத்துல மின் நிலையம் ஓட ஆரம்பிச்சது. அணையைக் கட்டினது தஞ்சாவூர் வயலுக்கு, பக்கத்துல இருந்த எங்களுக்குக் கிடைச்சது கரண்ட் (இதைச் சொன்னா டெல்டா நண்பர்கள் சண்டைக்கு வருவாங்க, வரட்டும்). 1957ல மின்சார வாரியம் வந்தப்புறம் கம்பி கிராமத்துக்குள்ளயும் நுழைஞ்சுது. கிணத்து மோட்டாரு முதல்ல, நெல் அரைக்கற மில்லு அடுத்து, மரம் அறுக்கற மில்லு அதுக்கப்புறம்.

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பக்கம் லாரித் தொழில் பெருகினப்ப, லாரிக்குப் பாடி கட்டற பட்டறைகளும் கூடவே பெருகிச்சு. அப்ப பாடின்னா பெரும்பாலும் மரம்தான். எங்க சொந்தத்துலயே வண்டிச் சக்கரம் செஞ்சவங்க லாரிப் பட்டறைக்குப் போனாங்க. ஒரு நாள் முழுக்க ரெண்டு பேர் அறுத்ததை மிஷின் ஒரு மணி நேரத்துல அறுத்துத் தள்ளினா யாருதான் போக மாட்டாங்க?

ஆனா ஒண்ணு. மிஷின் வந்துச்சு, ஆப்பு வரலை.

வெளிநாட்டுல வந்துச்சு. இங்கிலாந்துல 1922லயே மர வேலை எந்திரங்களுக்குன்னு தனி விதிமுறை போட்டாங்க. வட்ட ரம்பத்துக்குப் பின்னால, அதே நேர்க்கோட்டுல, பல்லை ஒட்டினாப்ல ஒரு இரும்புத் தகடு நிக்கணும். அறுத்த வாய் மூடாம அது பாத்துக்கும். நம்ம ஆப்பேதான், இரும்புல. அது இல்லைன்னா வாய் மூடும், பின்பக்கத்துப் பல்லு மேல ஏறி வர்றதுனால கட்டையைக் கவ்வித் தூக்கி அறுக்கறவன் வயித்தைப் பாத்து எறியும். 12 அங்குல அலகு நிமிஷத்துக்கு 2880 சுத்து சுத்தினா பல்லோட வேகம் மணிக்கு 165 கிலோமீட்டர் சுமார். அந்த வேகத்துல கட்டை வந்தா விலகறதுக்கு நேரம் கிடையாது.

நம்ம 1948 தொழிற்சாலைச் சட்டத்துக்குக் கீழ போட்ட விதிகள்லயும் இந்தத் தகடு, மேல மூடி, கட்டையைத் தள்ளறதுக்கு ஒரு குச்சி எல்லாம் இருக்கு. ஆனா அந்தச் சட்டம், மின்சாரம் உபயோகிச்சு 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற எடத்துக்குத்தான்னு வெச்சாங்க. 2020ல வந்த புதுச் சட்டத்தொகுப்பு அதை 20 ஆக்கிருச்சு. அண்ணன், தம்பி, மச்சான், ஒரு பையன்னு நாலு பேர் இருக்கற பட்டறைக்கு எந்த இன்ஸ்பெக்டர் வருவாரு? மாமா பட்டறை அப்படித்தான். தகட்டை வாங்கின அன்னைக்கே கழட்டி மூலையில போட்டாச்சு, "அது குறுக்க நிக்குது"ன்னு.

விரல் போனது அதனால கூட இல்லைங்க. 2008க்கு அப்புறம் தமிழ்நாட்டுல மின்வெட்டு எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். மாமா மிஷினுக்கு வயரிங் செஞ்சவர் ஸ்டார்ட்டர் போடலை. "செலவு மிச்சம்"னு மெயின் சுவிட்சுல இருந்து நேரா மோட்டாருக்குக் குடுத்துட்டார். ஒரு நாள் அறுத்துக்கிட்டு இருக்கறப்பவே கரண்ட் போச்சு. அலகு நின்னுச்சு. கட்டை இறுகிக் கிடந்துச்சு. மாமா சுவிட்சை அணைக்காம, கட்டையைக் கையால ஆட்டி எடுத்துக்கிட்டு இருந்தார். கரண்ட் வந்துருச்சு.

ஸ்டார்ட்டருக்குள்ள நோ வோல்ட் காயில்னு ஒண்ணு இருக்கும். கரண்ட் இருக்கற வரைக்கும் காந்தமா இருந்து சுவிட்சைப் புடிச்சுக்கிட்டு இருக்கும். கரண்ட் போனா விட்டுரும். திரும்ப வந்தாலும், யாராவது பச்சைப் பொத்தானை அமுக்கினாத்தான் ஓடும். அந்தச் சின்னக் காயில் இல்லாததுனால ரெண்டு விரல். அதுக்கப்புறம் மாமா உளியைத் தொடலை.

அதனாலதான் என் ஷெட்டுல வேலை ரெண்டு மாசம் இழுத்துச்சு. 3 ஹெச்.பி. மோட்டார். சிங்கிள் பேஸ்னா 15 ஆம்பியர் கிட்ட இழுக்கும், கிளம்பறப்ப அஞ்சாறு மடங்கு. வீட்டு லைனு தாங்காது, லைட்டெல்லாம் கண்ணடிக்கும். மூணு பேஸ்னா லைனுக்கு அஞ்சு ஆம்பியருக்குள்ள முடிஞ்சிரும். எங்க பக்கம் தோட்டத்துல ரெண்டு பேஸ் இருந்தாலும் கண்டன்சர் போட்டு மோட்டாரை ஓட்டுவாங்க. கிணத்து மோட்டாருக்கு எப்படியோ, ரம்பத்துக்கு நான் செய்ய மாட்டேன். ஒரு பேஸ் போயிட்டா மோட்டாரு உறுமிக்கிட்டே சூடேறும், கட்டை நடுவுல நிக்கும். பேஸ் போனா அணைக்கற ரிலே ஒண்ணு போட்டுட்டேன்.

எர்த்துக்கு 1956 இந்திய மின்சார விதியிலயே மோட்டார் உடம்புக்குத் தனித்தனியா ரெண்டு எர்த் இணைப்பு வேணும்னு இருந்துச்சு. அந்த விதிக்குப் பதிலா 2010லயும் 2023லயும் புதுசு வந்துருச்சு. எங்க பூமி பாறையும் சுக்காங்கல்லும். கரியும் உப்பும் போட்டுக் குழி எடுத்தாலும் சித்திரையில காஞ்சு போகும், தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கணும்.

இன்னொண்ணு. ஈ.பி.காரங்க கம்பத்துல வேலை பாத்துட்டுப் போனப்புறம் மூணு பேஸ்ல ரெண்டு இடம் மாறிட்டா மோட்டாரு தலைகீழாச் சுத்தும். கிணத்து மோட்டார்னா தண்ணி சரியா வராது, அவ்வளவுதான். ரம்பம்னா அலகைப் புடிச்ச நட்டு தளர்ந்துக்கும். லைன் வேலை நடந்தா முதல்ல கட்டை இல்லாம தட்டிவிட்டு, எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாக்கணும்.

போன ஞாயித்துக்கிழமை மாமாவைக் கூட்டிட்டு வந்தேன். ஷெட்டுக்குள்ள வந்து மேசையைத் தடவிப் பாத்தார். அலகுக்குப் பின்னால நின்ன தகட்டை ரெண்டு விரலால ஆட்டிப் பாத்தார், ஆடலை. "போடு மாப்பிள்ளை"ன்னார். போட்டேன். ஓடிக்கிட்டு இருக்கறப்பவே போய் மெயினை இறக்கினார். அலகு சுத்தி சுத்தி நின்னுச்சு. மெயினைத் திரும்ப ஏத்தினார். நாங்க ரெண்டு பேரும் அலகையே பாத்துக்கிட்டு நின்னோம். அசையலை.

கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்த வேப்பங்கட்டையை எடு"ன்னார்.

நான்தான் தள்ளினேன். அவர் அந்தப் பக்கம் நின்னு வாங்கிக்கிட்டார்.