அல்சேஷனின் முதுகு எப்போது சரிந்தது?

'அல்சேஷன்'னு சொன்னா நம்ம ஊர்ல தெரியாதவங்க குறைவு. ஜெர்மன் ஷெப்பர்டுக்கு 1919-ல் பிரிட்டிஷ் கென்னல் கிளப் வைத்த பேர் அது. உலகப்போர் முடிஞ்ச சூடு, 'ஜெர்மன்' என்ற சொல்லே அங்கே ஆகாது. 1977-ல் அவங்களே பழைய பேருக்குத் திரும்பிட்டாங்க. நாமதான் இன்னும் விடலை :-)

பேரை விடுங்க. நான் சொல்ல வந்தது அந்த நாயோட நடையைப் பற்றி.

1899 ஏப்ரலில் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி, கார்ல்ஸ்ரூ நகரத்து நாய்க் கண்காட்சியில் ஓநாய்ச் சாயலில் ஒரு நாயைப் பார்த்தார். அங்கேயே வாங்கிட்டார். ஹோராண்ட் என்று பேர் வைத்தார். இந்த இனத்தின் பதிவேட்டில் முதல் எண் அதுக்குத்தான்.

அழகெல்லாம் அவருக்கு அப்புறம்தான். மந்தையைச் சுற்றி நாளெல்லாம் ஓடணும், சொன்னதைப் புரிஞ்சுக்கணும். அப்படி ஓட ஏற்ற நடை 'டிராட்'. முன் வலது காலும் பின் இடது காலும் சேர்ந்து போகும், அடுத்து மற்ற ஜோடி. அதிகம் களைக்காமல் தூரம் கடக்கலாம். கால்நடை மருத்துவர்களும் நாயை இப்படி ஓடவிட்டுத்தான் நொண்டலைக் கண்டுபிடிப்பாங்க.

நாய்கள் ரொம்ப உயரமா, சதுரமா ஆகிட்டு வருதேன்னு கவலைப்பட்ட ஸ்டெஃபானிட்ஸ், 1925-ல் க்ளோடோ என்ற நீளமான, தாழ்வான நாயைச் சாம்பியனாக்கினார். 1936-ல் அவர் இறந்துபோனார்.

எட்டு நீளணும்னா பின்கால் நல்லா மடங்கணும். அது சரி. ஆனா கண்காட்சியில் ஒரு பின்காலைப் பின்னால் இழுத்து வைத்து நிறுத்துவாங்க. முதுகு சரிவாத் தெரியும். காலப்போக்கில் அந்தச் சரிவே அழகாகிப் போச்சு. ஓடுவதற்காக உண்டான வளைவை, நிற்கும்போது பார்த்து ரசிக்க ஆரம்பிச்சாங்க. சில பரம்பரைகளில் பின்பக்கம் தரையை நோக்கி இறங்கி, நடையே தள்ளாட ஆரம்பித்தது.

இதோடு இடுப்பு மூட்டு நோயும் உண்டு. தொடை எலும்பின் பந்து, குழியில் சரியாக உட்காராது. நாய்களில் இது முதலில் 1935-ல் அமெரிக்காவில் பதிவானது. முதுகுச் சரிவும் இந்த நோயும் ஒண்ணுதான்னு சொல்லிட முடியாது. ஆனா இரண்டுமே பின்கால் சம்பந்தப்பட்டவை.

பின்னால் வலிச்சா நாய் எடையை முன்கால்களுக்கு மாற்றும். படியேறத் தயங்கும். இடுப்பில் குழந்தை கை வச்சா உறுமும். நாமோ 'குணம் கெட்டுப்போச்சு'ன்னு திட்டுவோம். இன்னொரு சிக்கல், பயந்த நாயும் பின்பக்கத்தைத் தாழ்த்தித்தான் நடக்கும். பயமா வலியான்னு பொறுமையாப் பார்த்தால்தான் தெரியும்.

2016-ல் இங்கிலாந்தின் க்ரஃப்ட்ஸ் கண்காட்சியில் இந்த இனத்தில் முதல் பரிசு வாங்கின நாயின் நடையைத் தொலைக்காட்சியில் பார்த்தவங்க கொதிச்சுப் போனாங்க. அதன்பின் கென்னல் கிளப் தன் விதியைத் திருத்தியது. இந்த நாய் யாரும் தாங்கிப் பிடிக்காமல், சௌகரியமாக நிற்கணும் என்பது அதன் சாரம்.

நாளெல்லாம் ஓடுவதற்கென்றே உருவாக்கின நாய் அது. நூறு வருஷம் கழிச்சு, அது தானா நிற்கணும்னு விதி எழுத வேண்டியதாப் போச்சு.

அடுத்த முறை குட்டி வாங்கப் போறவங்க, தாய் நாய் நிற்கிற போட்டோவைப் பார்த்து மயங்காதீங்க. நடக்கவிட்டுப் பாருங்க.