ஸ்னோபோர்டு பைண்டிங்

ஸ்னோபோர்டு பைண்டிங் என்பது பனிச்சறுக்குப் பலகையில் சறுக்குபவரின் காலணியைப் பூட்டி வைக்கும் கருவி. பலகைக்கு இரண்டு உண்டு. நடுவிலுள்ள வட்டத் தட்டைத் திருகாணிகளால் பலகையோடு முடுக்குவார்கள். தட்டைத் தளர்த்தினால் காலின் கோணத்தை மாற்றலாம். சறுக்குபவர் விழும்போது ஸ்கீ பைண்டிங் தானாகக் கழன்றுகொள்ளும். ஸ்னோபோர்டு பைண்டிங் கழலாது.

ஆரம்பத்தில் பைண்டிங்கே கிடையாது. 1965-இல் மிச்சிகன் மாநிலத்தின் மஸ்கீகனில் ஷெர்மன் பாப்பன் இரண்டு ஸ்கீக்களை இணைத்து ‘ஸ்னர்ஃபர்’ செய்தார். பிடிமானத்துக்கு முனையில் கட்டிய கயிறு மட்டும்தான். 1977-இல் வெர்மான்டில் தொழில் தொடங்கிய ஜேக் பர்டன் கார்பெண்டர் தம் பலகையில் ரப்பர் வார் வைத்தார். 1979-இல் ஸ்னர்ஃபர் போட்டிக்கு அதை எடுத்துச் சென்றபோது எதிர்ப்புக் கிளம்பியது. தனிப் பிரிவு ஒன்றை உருவாக்கித்தான் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். அதில் அவரே வென்றார்.

ரப்பர் வார் காலைப் பிடித்தது, ஆனால் பலகை சொன்னபடி திரும்பவில்லை. குதிகால் பக்க விளிம்பை அழுத்த, கெண்டைக்கால் சாய்ந்து உதைக்க ஒரு தாங்கல் தேவைப்பட்டது. 1980-களின் தொடக்கத்தில் ஜெஃப் கிரெல் அமைத்த ‘ஹைபேக்’ என்னும் உயர்ந்த முதுகுத்தகடுதான் அந்தத் தாங்கல். பைண்டிங் வரலாற்றில் இதற்கு இணையான மாற்றம் பிறகு வரவில்லை என்றே சொல்லலாம். கணுக்காலுக்கு ஒன்று, விரல் பக்கம் ஒன்று என இரண்டு வார்களும் முதுகுத்தகடும் சேர்ந்த வடிவமே இன்றும் பரவலாக இருக்கிறது.

அதற்குப் பின் நடந்ததெல்லாம் பனியில் உட்கார்ந்து வார் மாட்டும் தொல்லையைக் குறைக்கும் முயற்சிகள். 1990-களில் வந்த ‘ஸ்டெப்-இன்’ வகையில் காலணியின் அடியிலிருந்த உலோகக் கொக்கி நேரே பூட்டில் விழும். அடியில் பனி அப்பினால் பூட்டு பிடிக்காது; காலணியும் விறைப்பு. சில ஆண்டுகளிலேயே மவுசு போயிற்று. ஃப்ளோ நிறுவனம் முதுகுத்தகட்டைப் பின்னால் சாய்த்துக் காலை நுழைக்கும் வகையைக் கொண்டுவந்தது. 2017-இல் பர்டன் வெளியிட்ட ‘ஸ்டெப் ஆன்’ விரல் பக்கம் இரண்டிடத்திலும் குதிகாலில் ஓரிடத்திலும் பூட்டிக்கொள்கிறது. அதற்கென்றே செய்த காலணி வேண்டும்.

இத்தனை வகைகளில் இந்தியாவில் கற்பவருக்கு எது ஏற்றது? 2020-இல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளில் ஸ்னோபோர்டு போட்டி நடந்த காஷ்மீரின் குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. சேலம், நாமக்கல் வெயிலிலிருந்து போய் முதன்முதலாகப் பலகை ஏறுபவருக்கு அங்கே இரட்டை வார் வகையே ஏற்றது. மலையேற்றும் கம்பிவட ஊர்தியான கொண்டோலாவின் பெட்டியில் ஏற ஒவ்வொரு முறையும் இரு கால்களையும் கழற்ற வேண்டும் என்பதால் ‘ஸ்டெப் ஆன்’ ஆசை காட்டும்தான். ஆனால் குல்மார்க்கின் ஆழமான பொடிப்பனி பூட்டுக்குள் புகும். வார் வகையோ வாடகைக் காலணி எதுவானாலும் ஒத்துக்கொள்ளும். அறுந்தால் வாரை மட்டும் மாற்றினால் போதும். கற்பவர் மிக விறைப்பான முதுகுத்தகட்டைத் தவிர்ப்பது நல்லது. முன்காலைச் சுமார் 15 பாகை முன்நோக்கியும் பின்காலை நேராகவோ சற்றுப் பின்நோக்கியோ வைப்பது வழக்கம்.