தேசிங்கு ராஜனும் ஓர் ஈயக் குண்டும்

சரித்திரக் கதை எழுதுகிறவனுக்கு வரும் பாராட்டுக் கடிதங்கள் மறந்துபோகும். குற்றம் கண்டுபிடித்து வரும் கடிதங்கள் மறப்பதில்லை. முன்பு நான் எழுதிய தொடர்கதை ஒன்றில், ஆற்காட்டு நவாபின் சிப்பாய் ஒருவன் மரத்துக்குப் பின்னால் மறைந்து நின்று, செஞ்சிக் குதிரை வீரர்கள் நால்வரை ஒருவர் பின் ஒருவராகச் சுட்டு வீழ்த்துவான். அத்தியாயம் வெளியான வாரமே, பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடமிருந்து தபால் அட்டை வந்தது. "உங்கள் சிப்பாய் துப்பாக்கியை எப்போது கெட்டித்தான்?" கடிதம் அவ்வளவுதான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வெட்கமாகவும் இருந்தது. அரண்மனைத் தூண்களையும் நாட்டிய மங்கையின் ஒட்டியாணத்தையும் வருணிக்கப் பக்கம் பக்கமாக எழுதிய எனக்கு, ஒரு துப்பாக்கிக்குள் குண்டு எப்படிப் போகிறது என்பது தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் மறுபடியும் செஞ்சிக்குப் போனேன்.

செஞ்சியைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் மதிலால் வளைத்துக் கட்டிய கோட்டை அது. 1677-இல் சிவாஜி பிடித்தார். பின்னர் மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் முற்றுகையிட்டு, 1698-இல்தான் உள்ளே நுழைந்தான். 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர். 2025-இல் யுனெஸ்கோ தன் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில், மராட்டியர் கோட்டைகளோடு சேர்த்து இதற்கும் இடம் தந்தது. ஆனால் தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் இது தேசிங்கு ராஜன் கோட்டைதான். அவன் இங்கே ஆண்டது ஓர் ஆண்டுகூட நிறைந்திராது!

அவன் தந்தை சொரூப்சிங் புந்தேல்கண்டத்து ராஜபுத்திரர். 1700-இல் ஔரங்கசீப்பால் செஞ்சிக்குக் கோட்டைத் தலைவராக நியமிக்கப்பட்டவர். 1714-இல் அவர் இறந்ததும் மகன் தேஜ்சிங் வந்து பொறுப்பேற்றான். நம் நாக்குக்கு அவன் தேசிங்கு ஆனான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பழைய கப்பப் பாக்கியைக் கேட்டார். பையன் மறுத்தான். அக்டோபர் 3-ஆம் தேதி போர். தோழன் மகபத்கானும் வீழ்ந்தான், தேசிங்கும் வீழ்ந்தான். வயது 22 என்பார்கள்.

எப்படி வீழ்ந்தான் என்பதில்தான் சங்கதி இருக்கிறது. தேசிங்கு ராஜன் கதைப்பாட்டின்படி, பகைவர் கையால் அவனுக்குச் சாவு இல்லை. தன் வாளைத் தானே வானத்தில் வீசி, அது கீழே வரும்போது மார்பில் ஏந்தி உயிர் விடுகிறான். சரித்திர ஆசிரியர்கள் சொல்வது வேறு: துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தான்.

அந்தக் காலத்து நாட்டுப் படைகளிடம் பெரும்பாலும் இருந்தவை திரித் துப்பாக்கிகள். குழாயின் வாய் வழியாகவே எல்லாம் உள்ளே போக வேண்டும். முதலில் அளந்த மருந்து. அது வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்த கலவை. அதன் மேல் ஈயத்தை உருக்கி அச்சில் வார்த்த குண்டு. குண்டு உருண்டு வெளியே வந்துவிடாமல் துணியோ நாரோ தக்கையாக. பிறகு கெஜக்கோலை விட்டு இடித்து இறக்க வேண்டும். கடைசியில் காதுக் கிண்ணியில் கொஞ்சம் மருந்து வைத்து, புகைந்துகொண்டிருக்கும் திரியைத் தயார் செய்ய வேண்டும். இத்தனையும் முடிந்தால் ஒரே ஒரு வேட்டு!

இதில் பிராணனுக்கே ஆபத்தான கட்டம் கெஜக்கோல் வேலைதான் என்பது எனக்குச் செஞ்சியில்தான் விளங்கியது. விளங்க வைத்தவர் ஒரு நரிக்குறவப் பெரியவர். பஸ் நிலையத்தருகே ஊசிமணி பாசிமணி விரித்திருந்தார். இளமையில் நாட்டுத் துப்பாக்கியோடு கொக்கும் காடையும் தேடி அலைந்தவர். நான் கேட்டதும் குடைக்கம்பி ஒன்றை எடுத்து, மூங்கில் குழாய்க்குள் விட்டுக் காட்டினார்.

"குண்டு மருந்து மேலே குந்தணும் சாமி. நடுவிலே நின்னுச்சோ, குழாய் நம்ம மூஞ்சியிலேயே வெடிக்கும்."

"உள்ளே போய்விட்டதென்று எப்படித் தெரியும்?"

"கோலு சொல்லும். பாதியிலே நின்னா 'தொப்'புங்கும். அடியிலே போய்க் குந்திட்டா, கோலு கையை விட்டு எகிறும் பாரு சாமி."

குண்டுக்கும் மருந்துக்கும் இடையில் வெற்றிடம் இருந்தால், வெடித்த புகை அந்த இடத்தில் வேகம் பிடித்து, அசையாமல் நிற்கும் குண்டின் மேல் மோதுகிறது. குண்டு நகர்வதற்குள் குழாய் வீங்குகிறது, அல்லது பிளக்கிறது. அதற்காக ஓங்கி ஓங்கி இடித்தாலும் தப்பு. மருந்து நொறுங்கி ஒரு வேட்டைப் போல் மறு வேட்டு இராது. ஆகவே சரியாகக் கெட்டித்த துப்பாக்கியில் கோலை நிறுத்தி, குழாயின் வாயருகே கோலில் ஓர் அடையாளம் கீறி வைப்பார்கள். கோடு வெளியே தெரிந்தால் குண்டு இறங்கவில்லை என்று அர்த்தம். நாலைந்து முறை சுட்டதும் குழாய்க்குள் கரி படிந்து வழி குறுகிவிடும். அதனால் குண்டைக் குழாயைவிடச் சிறிதாகவே வார்ப்பார்கள். ஆங்கிலேயச் சிப்பாயின் துப்பாக்கிக் குழாய் முக்கால் அங்குலம் என்றால் குண்டு 0.69 அங்குலம்தான்.

இன்று கைத்துப்பாக்கித் தோட்டாவை மறுபடி நிரப்புகிறவர்களுக்கும் இந்தக் கவலை உண்டு. ஆனால் அது தலைகீழாகிவிட்டது. 1884-இல் பிரெஞ்சுக்காரர் வியேய் புகையில்லா மருந்தைக் கண்டபின், குண்டு அளவுக்கு மீறி உள்ளே அமுங்குவதுதான் ஆபத்து. பித்தளைக் கூட்டுக்குள் இடம் குறையக் குறைய அழுத்தம் ஏறிப்போகும். ஒன்பது மில்லிமீட்டர் தோட்டாவின் மொத்த நீளம் 29.69 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று கணக்கு. அதிகமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் குழாயின் வரிகளில் முட்டும். அன்று கோலில் கீறிய கோடு, இன்று அளவுகோலில் ஓர் எண்.

அமைதியான இடத்தில் உட்கார்ந்து அளப்பவருக்கு இது பொறுமை விஷயம். எதிரே குதிரைகள் பாய்ந்து வரும்போது? 1863-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில், கெட்டிஸ்பர்க் களத்திலிருந்து பொறுக்கிய துப்பாக்கிகள் 27,000-க்கு மேல். அவற்றில் ஏறத்தாழ 24,000 கெட்டித்தபடியே கிடந்தன. அதில் பாதியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கெட்டிப்புகள். பயத்தில் கைகள் இடித்துக்கொண்டே இருந்திருக்கின்றன. சுட்டோமா இல்லையா என்பதே தெரியவில்லை. பயிற்சி பெற்ற பட்டாளத்துக்கே அந்தக் கதி.

சாயங்காலம் கடலிக்குப் போனேன். மகபத்கானின் சமாதி அங்கேதான். அங்கே நின்றபோது நான் நினைத்தது தேசிங்கையோ அவன் பாராசாரிக் குதிரையையோ அல்ல. வெறிகொண்ட ராஜபுத்திரக் குதிரைகள் நெருங்கும்போது, கை நடுங்காமல் குண்டைக் கடைசி விரற்கடை வரை இறக்கி, கோல் எகிறுகிறதா என்று பார்த்து, அதை உருவி எடுத்தானே ஒருவன், அவனை நினைத்தேன். அவனுக்கும் பயந்துகொண்டிருந்த பெண்டாட்டி பிள்ளைகள் இருந்திருப்பார்கள். அரைக்கால் மாதச் சம்பளம் பாக்கி இருந்திருக்கலாம். பாட்டில் அவனுக்கு ஒரு வரிகூட இல்லை. கவிராயர் அவன் கையிலிருந்த சாவைப் பிடுங்கி வாளிடம் கொடுத்துவிட்டார். நம்முடைய வீரனைக் கூலிக்காரன் ஒருவன் எங்கோ நின்றபடி கொன்றான் என்று பாட எந்தக் கவிராயருக்கு மனம் வரும்? எனக்கும் வரவில்லைதான். என் கதையிலும் அந்த வாளைத்தான் வீச வைத்திருந்தேன்.

மறுபதிப்பு வந்தபோது வாளை எடுக்கவில்லை. படிக்கிறவர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். ஆனால் மரத்துக்குப் பின்னால் நின்ற சிப்பாயின் நான்கு வேட்டுகளில் மூன்றை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் அவன் கெஜக்கோலை உள்ளே விட்டு இடிக்கிறான். முழுதாக ஒரு பக்கம் இடிக்கிறான். தபால் அட்டைக்காரருக்கு ஒரு பிரதி அனுப்பினேன், பதில் வரவில்லை.