வாசல் கொடியும் கொழுகொம்பும்

பாரி முல்லைக்குத் தேர் கொடுத்த கதையைச் சொல்பவர்கள் வள்ளலைத்தான் புகழ்வார்கள். தோட்டம் போட்டுப் பழகியவர் கண் முல்லையின் மேல் போகும். பற்றி ஏற ஒரு கொம்பு கிடைக்காமல் பறம்பு மலை வழியில் நுனி அலைந்து கிடந்த கொடி அது. முல்லைக்குச் சுவரில் ஒட்டும் வேரும் இல்லை, பிடித்திழுக்கும் பற்றுச்சுருளும் இல்லை. எதையாவது சுற்றித்தான் மேலே போகும். தமிழ் வீடுகளின் வாசலில் பூங்கொடி ஏறிய வரலாறு, வீட்டார் அதற்குக் கொடுத்த கொழுகொம்பின் வரலாறும்தான்.

சங்க காலத்தில் அந்தக் கொம்பு பெரும்பாலும் உயிருள்ள மரம். அகநானூற்றின் 21ஆம் பாட்டில் வீட்டை ஒட்டி இளநொச்சி நிற்கிறது, அதில் மௌவல் கொடி மொட்டு விட்டிருக்கிறது. நல்ல தேர்வு. நொச்சி வேலிக்கும் ஆகும், காய்ச்சலுக்கு ஆவி பிடிக்கவும் ஆகும், கொடியையும் தாங்கும்.

வீட்டுக்கொடி மேல் அன்று இருந்த பாசத்துக்கு நற்றிணை 179 ஒன்றே போதும். வீட்டில் வளர்ந்த வயலைக் கொடியைக் கன்று ஈன்ற பசு தின்றுவிடுகிறது. அதைப் பார்த்த சிறுமி பந்தைத் தரையில் எறிகிறாள், பாவையைத் தள்ளிவிடுகிறாள், வயிற்றில் அடித்துக்கொண்டு அழுகிறாள். ஆடு மேய்ந்த செடிக்காக அழுத பிள்ளையை இன்றும் எந்தத் தெருவிலும் பார்க்கலாம்.

நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டுவது இன்னும் நுட்பம். விடாத மழை, மூடிய வானம், பொழுது சாய்ந்ததா என்று தெரியவில்லை. பெண்கள் தட்டில் இட்டு வைத்த பிச்சி மொட்டு வாய் திறந்து மணக்கிறது. அதை வைத்து மாலை வந்ததை அறிந்து விளக்கேற்றி, நெல்லும் பூவும் தூவிக் கைதொழுகிறார்கள். பிச்சியும் முல்லையும் வாசலருகே இருக்க வேண்டியதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. மொட்டு விரியும் வேளையும் விளக்கு வைக்கும் வேளையும் ஒன்று.

மரத்துக்குப் பிறகு பந்தல். நான்கு கால் நட்டு, மேலே மூங்கில் பரப்பி, கயிற்றால் கட்டிய எளிய அமைப்பு. இன்று பந்தல் என்றால் நினைவுக்கு வரும் சவுக்குக் கம்பு பழையதல்ல. சென்னை மாகாணக் கடற்கரையில் சவுக்கு பெருமளவில் நடப்பட்டதே 19ஆம் நூற்றாண்டில்தான். பந்தலில் பாம்பு வரும் என்ற பயமும் கூடவே வந்தது. பூவாசம் பாம்பை இழுப்பதில்லை. அடர்ந்த கொடியில் பல்லியும் குருவி முட்டையும் இருக்கும், அதைத் தேடி வரலாம். ஆண்டுக்கொரு முறை கவாத்து செய்தால் அடர்த்தி குறையும், பூவும் பெருகும். முல்லைக்கு அது ஜனவரிக் கடைசி.

பிறகு கடல் தாண்டி வந்தது காகிதப்பூ. 1767இல் ரியோ டி ஜெனிரோவில் பிரெஞ்சுத் தாவரவியலாளர் கொமெர்சோன் இதைச் சேகரித்தார். உடன் இருந்தவர் ஆண் வேடத்தில் கப்பலேறிய ழான் பாரே, உலகைச் சுற்றி வந்த முதல் பெண். அந்தக் கடற்பயணத்தின் தலைவர் பூகன்வில் பெயர் கொடிக்கு ஒட்டிக்கொண்டது. பாரேயின் உழைப்புக்கும் அந்தப் பெயரில் ஓர் இடம் கிடைத்திருக்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த காகிதப்பூ பங்களாக்களின் போர்ட்டிகோ தூணிலும் கேட் மேலும் ஏறியது. அது தானாகச் சுற்றாது. முள்ளை மாட்டிக்கொண்டு சாயும், ஆள்தான் இழுத்துக் கட்ட வேண்டும். எடையை மூங்கில் தாங்காது. கேட்டுக்கு மேல் இரும்பு வளைவு அதற்கு வசதியாக அமைந்தது. இன்னொரு மாற்றம்தான் பெரியது. தலையில் வைக்காத, சாமிக்குத் தொடுக்காத பூ தமிழ் வாசலில் இடம் பிடித்தது. பறிக்க அல்ல, தெருவில் போகிறவர் பார்க்க.

நிறமும் மணமும் சேர்ந்து வேண்டியவர்களுக்கு ரங்கூன் மல்லி இருந்தது. முதலில் குத்துச்செடிபோல் நிற்கும், பிறகு திடீரென்று நீளக் கைகளை வீசும். இலை உதிர்ந்தாலும் காம்பின் அடி கொக்கிபோல் தங்கிவிடும். அந்தக் கொக்கியால்தான் ஏறுகிறது. மாலையில் வெள்ளையாக விரியும் பூ அடுத்தடுத்த நாளில் ரோஜா நிறமாகி, பிறகு சிவக்கும். ஒரே கொத்தில் மூன்று நிறம். இரவில் வெள்ளைப் பூவின் நீளக் குழலுக்குப் பருந்து அந்துப்பூச்சிகள் வரும்.

அடுக்ககத்தில் நிலைவாசல் இருட்டு நடையில் திறக்கிறது. அங்கே எந்தப் பூங்கொடியும் பூக்காது. காகிதப்பூவுக்கு அரை நாள் நேர்வெயிலாவது வேண்டும். எனவே கொடி பால்கனி கிரில்லுக்குக் குடிபோயிற்று. தேங்காய்நார்க் கயிற்றின் இடத்தில் இப்போது நைலான் இருக்கிறது. தண்டு பருக்கும்போது நைலான் அறுத்துவிடும். பழைய பருத்தி வேட்டிக் கிழிசலைக் கம்பிக்கும் தண்டுக்கும் நடுவே குறுக்காக முறுக்கி, விரல் நுழையும் இடம் விட்டுக் கட்ட வேண்டும்.