சுகியாகி: ஒரே பாட்டுக்காரர் என்று பெயர் வாங்கியவரின் கதை

மேல்நாட்டு இசை ரசிகர்கள் 'ஒன் ஹிட் வொண்டர்' என்று ஒரு பட்டம் வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு பாட்டு பட்டிதொட்டியெல்லாம் ஒலிக்கும். அப்புறம் அந்தப் பாடகர் எங்கே போனார் என்றே தெரியாது. அமெரிக்காவில் இதற்குக் கணக்கும் உண்டு. பில்போர்டு பத்திரிகை 1958 ஆகஸ்டில் தொடங்கிய 'ஹாட் 100' பட்டியலில், முதல் 40 இடங்களுக்குள் ஒரே ஒரு முறை மட்டும் வந்து போனவர் என்றால் அவருக்கு இந்தப் பட்டம் நிச்சயம்.

இந்தக் கணக்குப்படி பட்டம் வாங்கியவர்களில் ஒருவர் ஜப்பானியப் பாடகர் கியூ சகமோட்டோ. அவருடைய அந்த ஒரே பாட்டு 'சுகியாகி'. 1963 ஜூன் 15 அன்று அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்து மூன்று வாரம் அங்கேயே நின்றது. பாட்டு முழுக்க முழுக்க ஜப்பானிய மொழி. கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு வார்த்தை கூடப் புரிந்திருக்காது!

முதலில் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுகியாகி என்பது மாட்டிறைச்சியைக் காய்கறிகளோடு சேர்த்துச் செய்யும் ஒரு ஜப்பானிய உணவு. பாட்டுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. உண்மையான பெயர் 'உயே ஓ முயிதே அருகோ', அதாவது 'மேலே பார்த்தபடி நடப்போம்'. கண்ணில் முட்டி நிற்கும் நீர் கீழே விழுந்துவிடாமல் இருக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கிற ஒருவனின் பாட்டு அது. இங்கிலாந்தில் கென்னி பால் என்பவரின் ஜாஸ் குழு இதை வெறும் வாத்திய இசையாக வெளியிட்டபோது, ஜப்பானியப் பெயர் வாயில் நுழையாது என்று, தெரிந்த ஒரு ஜப்பானியச் சொல்லை எடுத்து வைத்துவிட்டார்கள். அமெரிக்காவில் சகமோட்டோவின் குரலிலேயே வெளியிட்ட கேபிடல் நிறுவனமும் அதே பெயரைப் பிடித்துக்கொண்டது. 'மூன் ரிவர்' பாட்டை ஜப்பானில் 'பீஃப் ஸ்டூ' என்ற பெயரில் விற்பது போல இருக்கிறது என்று நியூஸ்வீக் பத்திரிகை கிண்டலடித்தது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஒரு சோகப் பாட்டுக்கு 'சாம்பார்' என்று பெயர் வைத்த மாதிரி!

அந்தக் கண்ணீருக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஜப்பானில் அமெரிக்க ராணுவத் தளங்கள் இருந்தன. அவை தொடர்ந்து இருக்க வழிசெய்யும் பாதுகாப்பு ஒப்பந்தம் 1960ல் புதுப்பிக்கப்பட்டது. மாணவர்களும் தொழிலாளர்களும் லட்சக்கணக்கில் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். ஆனாலும் ஒப்பந்தம் நிறைவேறிவிட்டது. அந்தப் போராட்டத்தில் கலந்துகொண்டு, தோல்வியின் மனக்கசப்போடு வீடு திரும்பிய எய் ரொகுசுகே என்ற கவிஞர் எழுதியதுதான் இந்தப் பாட்டு. இசை அமைத்தவர் நகமுரா ஹசிதாய். பாட்டில் அரசியல் வெளிப்படையாக எங்கும் இல்லை. அதனால் காதலில் தோற்றவர்களும், ஊரை விட்டு வந்தவர்களும் அதைத் தங்கள் பாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். 1961ல் வெளியாகி ஜப்பானில் பெரிய வெற்றி பெற்றது.

இப்போது யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவோடு போட்ட ஒப்பந்தத்தை எதிர்த்துத் தோற்ற துக்கத்தில் பிறந்த பாட்டு, இரண்டே ஆண்டில் அதே அமெரிக்காவில் நம்பர் ஒன்! அதுவும் போர்க்காலத்தில் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்து வைத்திருந்த நாடு அது. போர் முடிந்து 18 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. வார்த்தை புரியாவிட்டாலும் அந்த மெட்டும், நடுவில் வரும் சீட்டியும் மனதைத் தொட்டுவிட்டன. ஆனால் எதற்காக அழுகிறான் என்று தெரியாமலே அமெரிக்கா அதை ரசித்தது.

அடுத்து அவருடைய 'சைனா நைட்ஸ்' அதே ஆண்டு அமெரிக்காவில் வெளியானது. 58வது இடத்தோடு நின்றுவிட்டது. அத்தோடு அமெரிக்கா அவரை மறந்தது. பட்டமும் கிடைத்தது.

ஜப்பானில் நிலைமையே வேறு. 1941ல் கவாசாகியில் ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர் அவர். 'கியூ' என்றால் ஜப்பானிய மொழியில் ஒன்பது. மக்கள் அவரைச் செல்லமாக 'கியூ சான்' என்று அழைத்தார்கள். 1963லேயே 'மியாகேத்தே கோரான் யோரு நோ ஹோஷி ஓ', 'அஷிதா கா அரு சா' என்று வேறு பாட்டுகளும் அங்கே புகழ் பெற்றன. சினிமாவில் நடித்தார், தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் நடத்தினார், மாற்றுத்திறனாளிகளின் நலனுக்காக உழைத்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேல் வீட்டுக்கு வீடு தெரிந்த முகம் அவர். இவரா ஒரே பாட்டுக்காரர்?

1985 ஆகஸ்ட் 12 மாலை, டோக்கியோவிலிருந்து ஒசாகா கிளம்பிய ஜப்பான் ஏர்லைன்ஸ் 123 விமானத்தில் அவரும் ஏறினார். ஏழு ஆண்டுகளுக்கு முன் சரியாகப் பழுது பார்க்கப்படாத பின்பகுதித் தடுப்பு நடுவானில் உடைந்து, விமானம் மலையில் மோதியது. 524 பேரில் பிழைத்தவர்கள் நான்கே பேர். இறந்த 520 பேரில் சகமோட்டோவும் ஒருவர். வயது 43.

இது அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1996ல் 'மகரேனா'வை 14 வாரம் அமெரிக்காவில் முதலிடத்தில் வைத்திருந்த ஸ்பெயின் நாட்டு லாஸ் டெல் ரியோ இருவரும், அதற்கு முன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடிக்கொண்டிருந்தவர்கள். பாடகர் ஓயாமல் பாடிக்கொண்டுதான் இருக்கிறார். வெளியூர்க் கதவுதான் ஒரே ஒரு முறை திறந்து மூடிக்கொள்கிறது. 'ஒன் ஹிட் வொண்டர்' என்ற பட்டம் பல சமயம் பாடகரை அளப்பதில்லை, கேட்பவர்களின் பொறுமையைத்தான் அளக்கிறது.

சுகியாகிக்குப் பிறகு ஆசிய மொழிப் பாட்டு ஒன்று ஹாட் 100ல் மறுபடி முதலிடத்தைப் பிடித்தது 2020 டிசம்பரில்தான், கொரியாவின் பிடிஎஸ் குழுவின் 'லைஃப் கோஸ் ஆன்'. அந்தக் கதவு மீண்டும் திறக்க 57 ஆண்டுகள் ஆயின. ஜப்பானியர்களோ அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. 2011 நிலநடுக்கமும் சுனாமியும் ஊர் ஊராக அழித்துப் போட்டபோது, ஒருவரையொருவர் தேற்றிக்கொள்ள அவர்கள் மறுபடியும் பாடியது இதே பாட்டைத்தான். அண்ணாந்து பார்த்து நடக்க வேண்டிய நாட்கள் எல்லா நாட்டிலும் வரத்தானே செய்கின்றன.